கடைசிக் காயை முதலிற் காண்போம்

விளையாட்டுகளுட் சில உடல் வலிமையைச் சோதிப்பன. சில அறிவின் கூர்மையைச் சோதிப்பன. விரலின் பக்குவத்தையும் மனத்தின் பக்குவத்தையும் ஒருங்கே சோதிக்கும் விளையாட்டுகளும் உள. அவற்றுள் நம்மவர் இல்லங்களில் நெடுங்காலமாக இடம்பிடித்திருப்பது கரம். தமிழகத்தார் இதனைக் கேரம் என்பர். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும், சனசமூக நிலையம் ஒன்றினுள் நுழைந்தால், பத்திரிகை மேசைக்கு அடுத்தபடி நம் கண்ணிற் படுவது பெரும்பாலும் கரம் பலகையே. போர்க்காலத்து ஊரடங்கு மாலைகளில், வாசற்கதவைச் சாத்திவிட்டுக் குப்பி விளக்கின் ஒளியில் கரம் ஆடிப் பொழுது போக்கிய குடும்பங்கள் பல. ஆகவே, இவ்விளையாட்டை எவ்வாறு ஆடுவது என்று வாசகர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அதனை எவ்வாறு முடிப்பது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

காயைக் குழியில் இட்டவர் தொடர்ந்து ஆடுகிறார். தவறியவுடன் முறை எதிராளிக்குப் போகிறது. அவ்வாறாயின், எதிராளிக்கு முறை கொடாமலே, எஞ்சிய காய்கள் அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குழியிற் சேர்த்து ஆட்டத்தை முடித்துவிட முடியுமா? முடியும். ஆயினும் அதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. முதல் அடி அடிக்குமுன்னரே கடைசி அடியைக் கண்டிருத்தல் வேண்டும்.

மேசை விளையாட்டின் உறவினர்

கரத்திற்கு மேல்நாட்டு உறவினர் சிலர் உண்டு. பச்சைத் துணி விரித்த பெரிய மேசையில் நீண்ட கோலினாற் பந்துகளைத் தள்ளி ஆடும் பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் ஆகியவை அவை. இவற்றுள் ஸ்னூக்கர் நமது அயலிலே பிறந்தது என்பதைப் பலர் அறியார். 1875ஆம் ஆண்டளவில், இந்தியாவின் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லின் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி இதனைத் தோற்றுவித்தார் என்றும், 1882இல் நீலகிரியிலுள்ள உதகமண்டலம் கழகத்தில் இதன் விதிகள் எழுதி வைக்கப்பட்டன என்றும் வரலாறு கூறுவர். பில்லியர்ட்ஸில் நமது நாட்டுக்கும் ஒரு பெருமை உண்டு. 1973இல் பம்பாயில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியிற் பட்டம் வென்றவர் இலங்கையராகிய எம். ஜே. எம். லாபீர். இலங்கைக்கு உலகப்பட்டம் ஒன்றை முதன்முதலிற் பெற்றுத் தந்தவர் என அவரைப் போற்றுவர்.

பூல் ஆட்டத்தின் வகைகளுள் உலகெங்கும் பரவியிருப்பது எட்டுப்பந்து ஆட்டம். மேசையில் ஒரு வெள்ளைப் பந்தும் எண்ணிடப்பட்ட பதினைந்து பந்துகளும் உள்ளன. 1 முதல் 7 வரையுள்ளவை ஒருவருக்கு. 9 முதல் 15 வரையுள்ளவை மற்றவருக்கு. 8 என்னும் எண்ணுடைய கரும்பந்து இருவருக்கும் பொது. தமது ஏழு பந்துகளையும் குழிகளிற் சேர்த்த பின்னரே ஒருவர் எட்டாம் பந்தைக் குழியில் இடலாம். ஆட்டத்தின் நடுவே அது முந்தி விழுந்துவிட்டால் அவருக்குத் தோல்வி.

இவ்வாட்டத்தில் தேர்ந்தவர்கள் மேசையைப் பார்க்கும் முறை விந்தையானது. எந்தப் பந்து எளிதாக விழும் என்று அவர்கள் முதலில் நோக்குவதில்லை. எட்டாம் பந்து எந்தக் குழிக்குச் செல்லும் என்பதையே முதலில் முடிவு செய்கின்றனர். அடுத்து, எட்டாம் பந்தை அடிப்பதற்கு வசதியான இடத்தில் வெள்ளைப் பந்தைக் கொண்டுவந்து நிறுத்தித் தரக்கூடிய தமது பந்து எது என்று தேடுகின்றனர். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரின் பொருள் ‘திறப்புப் பந்து’ என்பதாகும். பின்னர் அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது எனப் பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்து முதற் பந்தை அடைகின்றனர். எண்ணம் கடைசியிலிருந்து முதலுக்கு வருகிறது. கை முதலிலிருந்து கடைசிக்குப் போகிறது.

நமது தோணிக்காரரும் இதனை அறிவார். எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் புறப்படுபவர், தோணியைத் தள்ளுமுன் அக்கரைத் துறையை நோக்குகிறார். காற்று எப்பக்கம் தள்ளும் என்று கணிக்கிறார். அதற்கேற்பவே தோணியின் தலையைத் திருப்புகிறார். கால் நனைந்த இடத்திலிருந்து கண்போன போக்கில் தள்ளுபவர் எங்கோ ஒரு கண்டற் புதரிலே கரை சேர்வார்.

பலகையின் கணக்கு

கரத்தின் விதிகளை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். சர்வதேச கரம் சம்மேளனம் 1988இல் சென்னையில் நிறுவப்பட்டது. அதன் விதிப்படி, வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று, ஆகப் பத்தொன்பது காய்கள். ஸ்ட்ரைக்கரின் நிறை 15 கிராமுக்கு மேற்படலாகாது. காய் ஒன்றின் நிறை ஐந்து முதல் ஐந்தரைக் கிராம் வரை. தமது காய்களை முதலில் முடித்தவர் அப்பலகையை வெல்கிறார். எதிராளியின் காய்கள் எத்தனை எஞ்சியுள்ளனவோ அத்தனை புள்ளிகள் அவருக்குக் கிடைக்கும். சிவப்பையும் முறைப்படி பெற்றிருந்தால் மேலும் 3 புள்ளிகள். 25 புள்ளிகளை முதலில் அடைபவர், அல்லது எட்டுப் பலகைகளின் முடிவில் முன்னிற்பவர், ஆட்டத்தை வெல்கிறார்.

தமது முதல் முறையிலேயே ஒன்பது காய்களையும் சிவப்பையும் ஒருசேர முடிப்பதனை ‘ஸ்லாம்’ என்பர். எதிராளியின் ஒன்பது காய்களும் அப்படியே இருந்தால் 9, சிவப்புக்கு 3, ஆக 12 புள்ளிகள். இத்தகைய வெற்றியை அடுத்தடுத்து இருமுறை பெற்றாலும் 24தான். வெற்றிக்கு இன்னும் ஒரு புள்ளி வேண்டும்! எவ்வளவு பெரிய ஆட்டக்காரராயினும் மூன்றாம் பலகையில் மீண்டும் அமர்ந்து சிந்திக்குமாறு விதி செய்திருப்பது நயமானதே.

சிவப்பைப் பற்றிய விதியே இவ்விளையாட்டின் முடிச்சு. சிவப்பைக் குழியில் இட்டவர், அதே அடியிலோ அடுத்த அடியிலோ தமது காய் ஒன்றையும் இட்டு அதனை உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் சிவப்பு மீண்டும் நடுவட்டத்துக்கு வந்துவிடும். சிவப்பைப் பலகையில் விட்டுவிட்டுத் தமது கடைசிக் காயை இட்டவர் அப்பலகையையே இழப்பார். ஆகவே எட்டுப்பந்து ஆட்டத்தில் எட்டாம் பந்து எப்படியோ, அப்படியே கரத்தில் சிவப்பும். அதனை எப்போது எடுப்பது, எந்தக் காயினால் உறுதிப்படுத்துவது என்ற இரண்டையும் தீர்மானியாதவர் ஆட்டத்தைத் திட்டமிட்டவர் ஆகார்.

இரு விளையாட்டுகளுக்கும் ஒரு முக்கிய வேற்றுமை உண்டு. பூலில் வெள்ளைப் பந்து நின்ற இடத்திலிருந்தே அடுத்த அடியை அடிக்க வேண்டும். கரத்திலோ ஸ்ட்ரைக்கர் ஒவ்வோர் அடிக்கும் நம் கைக்குத் திரும்புகிறது. நமக்கு முன்னுள்ள இரட்டைக் கோட்டின்மேல் விரும்பிய இடத்தில் அதனை வைக்கலாம். அதனால் கரம் எளிதென்று எண்ணிவிடக் கூடாது. நமது கோட்டுக்குப் பின்னால், நம் மடிக்கருகே கிடக்கும் காயை நேராக அடித்துத் தள்ள வழியில்லை. ஸ்ட்ரைக்கரை எதிர்ச்சட்டத்தில் மோதித் திருப்பி எடுக்க வேண்டும், அல்லது பெருவிரலாற் பின்னோக்கி அடிக்க வேண்டும். சட்டத்தோடு ஒட்டிய காயும், எதிராளியின் காயோடு ஒட்டிய காயும் இவ்வாறே தொல்லை தருவன. பூல் ஆடுபவர் தமது வெள்ளைப் பந்து எங்கு நிற்கும் என்று கவலைப்படுகிறார். கரம் ஆடுபவரோ தமது காய்கள் எங்கெங்கு நிற்கும் என்று கவலைப்பட வேண்டும்.

ஒரு பலகையின் பாடம்

வாவிக்கரைக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையத்தில் நாம் பார்த்த இறுதியாட்டம் ஒன்றை இங்கு எடுத்துக்காட்டுதல் பொருந்தும். ஒருபுறம் பதினைந்து வயதுப் பாடசாலைச் சிறுவன்; மறுபுறம் அவனுக்கு மூத்த இளைஞர். சிறுவனுக்கு 19 புள்ளிகள், இளைஞருக்கு 20. சிறுவனின் முறை. வெள்ளைக் காய்கள் நான்கும், கறுப்பு மூன்றும், சிவப்பும் பலகையில் எஞ்சியிருந்தன. அப்பலகையை அவன் சிவப்புடன் முடித்திருந்தால் கறுப்பு மூன்றுக்கும் மூன்று, சிவப்புக்கு மூன்று, ஆக ஆறு புள்ளிகள் பெற்றுச் சரியாக 25ஐ அடைந்திருப்பான்.

காய்களின் நிலையை மனத்திலே வரைந்துகொள்ளுங்கள். சிறுவனின் இடத்திலிருந்து பார்க்கையில், ‘அ’ என்னும் வெள்ளைக் காய் எதிரே வலப்பக்கக் குழியின் வாயிலிலேயே நின்றது, தொட்டால் விழும். ‘ஆ’ நடுவட்டத்துக்குச் சற்று இடப்பக்கமாக, எதிரே இடப்பக்கக் குழிக்கு நல்ல வழியுடன் நின்றது. ‘இ’ எதிர்ச்சட்டத்தின் நடுவுக்குச் சற்று வலப்பக்கத்தில் ஒரு கறுப்புக் காயோடு ஒட்டிக் கிடந்தது. ‘ஈ’ அவனது கோட்டுக்குப் பின்னால், வலக்கைப் பக்கக் குழியை அடுத்து நின்றது. சிவப்பு இடப்பக்கச் சட்டத்தை நோக்கித் தள்ளி, எதிரே இடப்பக்கக் குழிக்கு ஏற்றதாக இருந்தது.

சிறுவன் ‘அ’வை இட்டான். கூட்டம் கைதட்டிற்று. ‘ஆ’வை இட்டான். மீண்டும் கைதட்டு. சிவப்பையும் அழகாக இட்டான். அதன் பின்னரே அவன் முகம் மாறியது. சிவப்பை உறுதிப்படுத்த அவனிடம் எஞ்சியிருந்தவை ஒட்டிக் கிடந்த ‘இ’யும் பின்னாற் கிடந்த ‘ஈ’யுமே. எதிர்ச்சட்டத்தில் மோதி ‘ஈ’யை எடுக்க முயன்றான், மயிரிழையிற் தவறிற்று. சிவப்பு நடுவட்டத்துக்குத் திரும்பியது. இடையில் அவனுக்குக் கிடைத்த ஒரு முறையிலும் ஒன்றும் ஆகவில்லை. இளைஞர் தமது மூன்று காய்களையும் சிவப்பையும் முடித்தார். எஞ்சிய வெள்ளை இரண்டு, சிவப்புக்கு மூன்று, ஆக ஐந்து. அவரே 25ஐ அடைந்தார்.

ஆட்டம் முடிந்தபின், மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்தார். சிறுவனின் தோளிற் கைவைத்து, “மனே, பூட்டைத் திறக்க முந்தித் திறப்பை வாவிக்குள்ள எறிஞ்சுபோட்டாயே!” என்றார்.

“லேசானதை முதல்ல எடுத்தாத்தானே பெத்தப்பா, மனசு உறுதியா இருக்கும்?” என்றான் சிறுவன்.

“லேசானது எங்கயும் ஓடிப்போகாது மனே. அதுக்குக் கடைசியில ஒரு வேலை இருக்கு” என்று கூறி, காய்களை முன்பிருந்தவாறே அடுக்கத் தொடங்கினார் அவர்.

அவர் அன்று காட்டியதன் சாரம் இதுதான். கடைசிக் காய் ‘அ’. குழி வாயிலில் நிற்கும் அக்காயைப் போலச் சிவப்பை உறுதிப்படுத்தத்தக்கது வேறில்லை. ஆகவே அதற்கு முந்தியது சிவப்பு. அதற்கும் முன்னர் ‘இ’, ‘ஈ’ ஆகிய இரு தொல்லைகளும் தீர்ந்திருக்க வேண்டும். தொடங்குவதற்கு உரியது ‘ஆ’. அதனை இடக்குழிக்குத் தள்ளும்போது, காயினும் ஏறக்குறைய மூன்று மடங்கு நிறையுள்ள ஸ்ட்ரைக்கர் அங்கேயே நின்றுவிடாது. சற்று வலப்பக்கம் சாய்ந்து முன்னேறிச் செல்லும். எதிர்ச்சட்டத்தில் அது சென்று மோதும் இடத்திலேதான் ‘இ’யும் கறுப்பும் ஒட்டிக் கிடக்கின்றன! ஒரே அடியில் ஒரு காய் விழுகிறது. ஒரு முடிச்சும் அவிழ்கிறது. அவிழ்ந்த ‘இ’யை அடுத்து இடலாம். பின்னர் ‘ஈ’, அது கடினமானதே. ஆயினும் அது தவறினாலும் சிவப்புக்கு உரிய துணை பலகையில் இருக்கும். அதன்பின் சிவப்பு, இறுதியில் ‘அ’. முதியவர் ஐந்து காய்களையும் அவ்வரிசையிலேயே இட்டார். ‘ஈ’க்கு மட்டும் இரண்டாம் முயற்சி வேண்டியிருந்தது.

சிறுவனின் கை முதியவரின் கையிலும் தாழ்ந்ததன்று. அவன் இழந்தது வரிசையினால்.

மாணாக்கருக்கு ஒரு கணக்கு

கணிதம் பயிலும் மாணாக்கர் இதனை எண்ணிலும் காணலாம். ஒருவர் ஒவ்வோர் அடியிலும் பத்துக்கு ஒன்பது முறை வெல்பவர் என்று கொள்வோம். ஐந்து காய்களைத் தொடர்ந்து முடிக்க அவருக்குள்ள வாய்ப்பு ஐந்து ஒன்பது-பத்துகளின் பெருக்கம். அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 59. அந்த ஐந்தில் ஒரு காய் மட்டும் பத்துக்கு ஐந்து முறையே விழக்கூடிய தொல்லைக் காய் ஆனால், வாய்ப்பு நூற்றுக்கு 33 ஆகக் குறைந்துவிடும். வேறொரு காயை இடும்போதே அத்தொல்லைக் காயை நல்ல இடத்துக்கு நகர்த்தி, பத்துக்கு எட்டு முறை விழக்கூடியதாக ஆக்கிவிட்டால், வாய்ப்பு மீண்டும் 52க்கு உயர்கிறது. விரலின் திறன் அணுவளவும் கூடவில்லை; சிந்தனையினால் மட்டுமே 33 என்பது 52 ஆயிற்று.

இதே கணக்கு மற்றோர் உண்மையையும் உணர்த்தும். எல்லாப் பலகைகளையும் ஒரே முறையில் முடித்துவிட முடியாது. இரண்டு, மூன்று தொல்லைகள் ஒருங்கே இருக்குமாயின், ‘இப்போது முடிக்க இயலாது’ என்று ஒப்புக்கொள்வதும் திட்டமே. எட்டுப்பந்து ஆட்டத்தில் ஏழையும் இட்டுவிட்டு எட்டிலே தவறுபவரின் நிலை மிகவும் இரங்கத்தக்கது. அவருடைய பந்துகளே எதிராளியின் வழியை மறைத்து நின்றவை. அவற்றைத் தாமே அகற்றி, எதிராளிக்கு மேசையைத் துப்புரவாக்கிக் கொடுத்துவிட்டார்! கரத்தில் இழப்பு அவ்வளவு கொடியதன்று. இட்ட காய் ஒவ்வொன்றும் எதிராளி பெறும் புள்ளியில் ஒன்றைக் குறைக்கிறது. எனினும் முடிவு தெரியாத பலகையில், ஒரு காயை இட்டபின் அடுத்த அடியைத் தொல்லைக் காயை விடுவிக்கவோ, எதிராளியின் காயை அவர் கோட்டுக்குப் பின்னே தள்ளவோ பயன்படுத்துதல் விவேகம்.

வீட்டிலே பயிலும் முறை

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. வீட்டுப் பலகையில் மூன்று காய்களை மட்டும் எறிந்தாற்போல் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்குமுன், எது கடைசி, எது நடு, எது முதல் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அல்லது ஒரு கடதாசியில் எழுதுங்கள். பின்னர் அவ்வரிசைப்படியே ஆடுங்கள். தவறினால், தவறியது கையா வரிசையா என்று பிரித்தறியுங்கள். மூன்று கைவந்தபின் நான்கு. அதன்பின் சிவப்புடன் ஐந்து. ஒவ்வோர் அடிக்குப் பின்னும் பலகையைப் புதிதாக நோக்குதல் வேண்டும். காய்கள் நாம் நினைத்த இடத்தில் நில்லாதபோது, முதலில் வகுத்த வரிசையைப் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டிருப்பதும் குற்றமே. குடும்பத்தார் ஒருவர் வரிசையைச் சொல்ல மற்றொருவர் ஆடுவதும் நல்ல பயிற்சியாகும். சிறு பிள்ளைகள் இதில் பெரியோரை வெல்லக் கண்டு நாம் மகிழ்ந்ததுண்டு.

இவ்வெளிய பலகையிலிருந்து உலக அரங்குக்குச் சென்றோர் நம்மவரிடையே உளர். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991இல் டில்லியிலும் 1995இல் கொழும்பிலும் உலகப்பட்டம் வென்றார். 1996இல் இந்திய அரசின் அர்ஜுனா விருதையும் பெற்றார். 2012இல் கொழும்பில் நடைபெற்ற உலகப் போட்டியில் ஆடவர் பட்டத்தை நம் நாட்டவராகிய நிஷாந்த பெர்னாண்டோ வென்றார். 2024இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், ஓட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளாகிய சென்னை மாணவி காசிமா மூன்று தங்கப்பதக்கங்களை வென்று திரும்பினார். விலையுயர்ந்த மேசையோ பரந்த மைதானமோ இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இவ்விளையாட்டின் கதவு திறந்தேயிருக்கிறது.

பரீட்சை மண்டபத்தில் எளிய வினாக்களை எல்லாம் முதலில் எழுதிவிட்டு, கடின வினாவுக்கு நேரமின்றித் தவிக்கும் மாணாக்கரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். வீடு கட்டத் தொடங்கிச் சுவர் எழுப்பியபின் கூரைக்குப் பணமின்றி நிற்கும் பெற்றோரையும் காண்கிறோம். இவர்களுக்கெல்லாம் கரம் பலகை ஒன்றே மருந்து என்று நாம் கூற வரவில்லை. ஆயினும் முடிவை முன்னரே நோக்கும் பழக்கத்தை, தோற்றாலும் சிரித்துக்கொண்டு மீண்டும் காய் அடுக்கக்கூடிய இடத்திலே கற்றுக்கொள்வது எவ்வளவோ நன்று.

 மதிய உணவுக்குப் பின் பலகையைத் துடைத்து, மாவைத் தூவி, பிள்ளைகளை அழையுங்கள். நான்கு வெள்ளைக் காய்களையும் சிவப்பையும் மேலே கூறியவாறு வைத்து, “எது கடைசி?” என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் விடை கூறும்வரை ஸ்ட்ரைக்கரைக் கையிற் கொடாதீர்கள்.